குடியிருந்த பெயர்

1991-ல் புணேவுக்கு வேலைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த மராத்தி மூன்றே சொற்கள்: கிதி, நக்கோ, சஹா. பாஷை பழக ஒரே வழி படம் பார்ப்பதுதான் என்று அறை நண்பர், அப்பா பல்வந்த் சௌக் பக்கம் பிரபாத் டாக்கீஸுக்கு இழுத்துப் போனார். ‘மாஹேர்ச்சி சாடி’ ஓடிக்கொண்டிருந்தது, தாய்வீட்டுப் புடவை. திரையில் அல்கா குபல் அழ, அரங்கத்துப் பெண்களெல்லாம் விசும்ப, ஒரு வசனமும் புரியாமல் நானும் அழுதேன். பக்கத்து இருக்கை ஆஜி (பாட்டி) முதுகில் தட்டிக்கொடுத்தார். புணேவில் ரேஷன் கார்டு கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பிரபாத் என்ற பெயருக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1929-ல் கோலாப்பூரில் தொடங்கி, 1933-ல் புணேவுக்குக் குடிபெயர்ந்த பிரபாத் பிலிம் கம்பெனிதான் தமிழில் ‘சீதா கல்யாணம்’ எடுத்தது. பாபநாசம் சிவன் இசை. எஸ். ராஜம் ராமர், அவருடைய உடன்பிறந்த சகோதரி ஜெயலட்சுமி சீதை. மயிலாப்பூர் மாடவீதிகளில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். கம்பெனி என்றோ மூடிப்போய், அதன் ஸ்டூடியோவில் இப்போது திரைப்படக் கல்லூரி நடக்கிறது. 1934-ல் திறந்த தியேட்டரில் பெயர் மிஞ்சியிருந்தது.

2014 டிசம்பரில் அதற்கும் கெடு வந்தது. குத்தகை முடிந்து, கட்டடம் உரிமையாளர்களான கிபே குடும்பத்திடம் திரும்பியது. புதுப்பித்துத் திறந்தபோது பலகையில் ‘கிபே லட்சுமி’.

“பேரை மாற்ற இவர்கள் யார்?” என்று அலுவலகத்தில் குதித்தேன். “அதன் பிறந்த பெயரே அதுதான், அண்ணா. பிரபாத் வாடகைக்கு இருந்தவர்” என்றார் மராத்தி நண்பர். எண்பது வருஷம் குடியிருந்தவரை வீட்டுக்காரர் என்றே நினைத்துவிட்டேன். நானும் இந்த ஊரில் வாடகை வீட்டுக்காரன். கோபம் வராமல் இருக்குமா?

சமீபத்தில் போனேன். “கிபே லட்சுமி” என்றதும் ஆட்டோக்காரர் விழித்தார். “பிரபாத்” என்றேன். மீட்டரைத் தட்டினார்.

உள்ளே ஏசி, மெத்தென்ற இருக்கை. மராத்திப் படத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் சப்டைட்டில். எனக்குத் தேவைப்பட்ட காலத்தில் இல்லாதது. பக்கத்தில் சதாசிவ் பேட்டைக் கல்லூரிப் பையன், மராத்திக்காரன். ஒரு வசனத்துக்கு நான் சிரித்தேன். அவன் கீழ்வரியைப் படித்து முடித்துவிட்டு, ஒரு நொடி தாமதமாகச் சிரித்தான்.