கோட்டிங்கனில் கடைசி நாள்

கோட்டிங்கனில் சுவர்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம். ஊரில் வாழ்ந்த அறிஞர்களின் பெயரைக் கல்லில் பொறித்து, அவர்கள் குடியிருந்த வீட்டு முகப்பிலேயே பதிக்கும் வழக்கம் அங்கே 1874இல் தொடங்கியது. இன்று அப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட பலகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் ஆண்டுகளும்தான்.

எண்பதுகளில் ஆய்வு மாணவனாக முதல்முறை போனபோது அந்தப் பெயர்களைத் தேடித்தான் அலைந்தேன். காஸ், ஹில்பர்ட், மாக்ஸ் பார்ன். திருச்சியில் எம்.எஸ்ஸி. வகுப்பில் கரும்பலகைச் சமன்பாடுகளாக அறிமுகமானவர்கள், ஒரு தெருவில் வீடு எடுத்துக் குடியிருந்தார்கள் என்பதே அந்த வயதில் பெரிய செய்தி. இந்த முறை மகளைப் பார்க்க ஜெர்மனி போய், ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளை அவளோடு கோட்டிங்கனுக்கென்று ஒதுக்கினேன். பெயர்களை விட ஆண்டுகளே கண்ணில் பட்டன. ஒருவர் எப்போது வந்தார் என்பதைவிட, எப்போது போனார், ஏன் போனார் என்று கேட்கத் தோன்றியது.

ரயில் நிலைய வாசலிலேயே அந்தக் கேள்வி காத்திருந்தது. ஹனோவர் நிலையத்தின் முன்னால் மன்னர் எர்ன்ஸ்ட் ஆகஸ்டு குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை உண்டு. அதன் பீடத்தைப் போலவே ஒன்றை 2015இல் கோட்டிங்கனில் வைத்திருக்கிறார்கள். இங்கே குதிரையும் இல்லை, மன்னரும் இல்லை. அவர் 1837இல் அரசியல் சாசனத்தை ரத்து செய்தபோது எதிர்த்துக் கையெழுத்திட்டு வேலையிழந்த ஏழு பேராசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன. தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் அதில் அடக்கம். யாக்கோப் கிரிம் உட்பட மூவர் மூன்றே நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. காஸுடன் சேர்ந்து 1833இல் தந்தி அனுப்பிக் காட்டிய வில்ஹெல்ம் வெபரும் அந்த எழுவரில் ஒருவர். ஹில்பர்ட் வீடு கட்டி வாழ்ந்த தெருவுக்கு இன்று வெபரின் பெயர்.

அடுத்த நூற்றாண்டில் நடந்ததை இத்தனை எளிதாகச் சொல்லிக் கடக்க முடியவில்லை. 1933 ஏப்ரலில், யூதர் என்பதற்காக, இயற்பியலாளர் பார்ன், கணிதவியலாளர்கள் கூரண்ட், எம்மி நோதர் மூவரையும் நாஜி ஆட்சியினர் பணியிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களைப் போலவே யூதரான இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபிராங்க் முதல் உலகப் போரில் பணியாற்றியவர் என்பதால் அவருக்கு விலக்கு இருந்தது. அந்தச் சலுகை வேண்டாமென்று அவரே பதவியைத் துறந்தார். மே 10 அன்று இன்றைய அல்பானி சதுக்கத்தில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். காஸின் கல்லறை அங்கிருந்து கூப்பிடு தூரம். உலகமே கணிதமும் இயற்பியலும் கற்க வந்த ஊர் சில மாதங்களில் காலியானது.

பார்ன் கேம்பிரிட்ஜ் போனார். அங்கிருந்து 1935இல், சி.வி. ராமன் அழைத்ததால், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து ஏறத்தாழ ஆறு மாதம் இருந்தார். அவரை நிரந்தரப் பேராசிரியராக்க ராமன் மிகவும் முயன்றார். எதிர்ப்பு கிளம்பியது, கைகூடவில்லை. பார்ன் எடின்பரோ போய்விட்டார். திருவானைக்காவலில் பிறந்த ஒரு மனிதர், அகதியாக நின்ற ஒரு மேதைக்கு நாற்காலி போடப் போராடினார் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும். அந்த நாற்காலி கிடைக்காமல் போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1953இல் கோட்டிங்கன் பார்னையும் ஃபிராங்கையும் கௌரவக் குடிமக்களாக்கியது. அடுத்த ஆண்டு பார்னுக்கு நோபல் பரிசு வந்தது. 1926இல் இதே ஊரில் செய்த வேலைக்கு! நகரக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் ஒரு சமன்பாடு பொறித்திருக்கிறது. என் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்த அதே வரி. மகளுக்கு அதை விளக்கத் தொடங்கி, தொண்டை அடைத்து நிறுத்திக்கொண்டேன்.

மாலையில் சந்தைச் சதுக்கத்துக்கு வந்தோம். நடுவில் வாத்துக்காரிச் சிறுமியின் நீரூற்றுச் சிலை. முனைவர் பட்டம் பெறுபவர்கள் ஏறி அவளை முத்தமிடுவது வழக்கம். 1926இல் தடைகூட விதித்துப் பார்த்தார்கள், வழக்கம் நிற்கவில்லை. நாங்கள் நின்ற நேரம், பூவும் காகிதமும் ஒட்டிய இழுவண்டியில் ஓர் இளம்பெண்ணை நண்பர்கள் இழுத்துவந்தார்கள். கணிதமாம். நோதரை ஹில்பர்ட் இங்கே அழைத்தது 1915இல். பெண் என்பதால் பாடம் நடத்தும் உரிமை தர மறுத்தார்கள்; 1919 வரை ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்புகளைத்தான் அவர் எடுத்தார். அதன்பின் பதினான்கே ஆண்டில் வெளியேற்றப்பட்டு, 1935இல் அமெரிக்காவில் இறந்தார்.

வண்டியில் வந்த பெண் நீரூற்றில் கால் வைத்து ஏறினாள். அவள் அம்மா கீழே நின்று, வழுக்கும், பார்த்து என்று சொல்வது மொழி தெரியாத எனக்கும் புரிந்தது. அவள் சிலையின் கன்னத்தில் முத்தமிட்டபோது கூட்டத்தோடு சேர்ந்து நாங்களும் உரக்கக் கைதட்டினோம்.