ஆடுற காலுக்குப் பதில்

எங்கட பழைய மேசையின்ர நாலு காலும் ஆடுது. ரெண்டு ஆணி அடிச்சால் சரிவருமோ?
*வாசகி, கொம்பனித்தெரு*

வரும், மரம் பிளக்கும்வரை! காலைக் கழற்றிப் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். அதன்மேலேயே புதுப் பசை பூசினால் பிடிக்காது. சுரண்டிய இடத்தில் பூசிப் பொருத்திய பின் கயிறு கட்டி முறுக்கி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். தொடாமல் விடுவதுதான் கஷ்டமான வேலை.

பேரை வாவி ஈரக்காற்றாலதான் மூட்டு இளகுதாம் என்கிறார் தச்சர். உண்மையோ, கூலி கூட்டுற கதையோ?
*வாசகர், கொம்பனித்தெரு*

இரண்டும் இருக்கலாம். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, குறுக்கே. அந்த இழுபறியில் பசை விட்டுப்போகிறது. கூலி ஏன் ஊதுகிறது என்பதை அவரிடமே கேளுங்கள்.

மூட்டெல்லாம் இறுக்கம். பிறகும் மேசை ஆடுதே?
*வாசகர், வெள்ளவத்தை*

தரையை விசாரித்தீர்களா? சதுர மேசை என்றால் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழற்றுங்கள். தரையில் படிபோன்ற வெட்டு இல்லாவிட்டால், கால்வட்டத்துக்குள் நாலு காலும் ஊன்றும். மார்ட்டின் கார்ட்னர் 1973இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கணக்கு இது. ஊன்றும் என்றுதான் கணக்கு சொல்கிறது, மட்டமாக நிற்கும் என்றல்ல. சொதி வழிந்தால் நான் பொறுப்பில்லை.