குரல்நாண் இடைவெளியின் காற்றியல்

குரல்நாண்களுக்கு இடையே உள்ள வெளி ஒரு முக்கோணம். அதன் முனை முன்புறம், தைராய்டு குருத்தெலும்பின் உட்பக்கத்தில் அசையாமல் பிணைந்திருக்கிறது. அடி பின்புறம், இரு அரிட்டினாய்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே விரிந்து சுருங்குகிறது. நீளத்தில் முன்னுள்ள ஐந்தில் மூன்று பங்கு சவ்வுப் பகுதி. எஞ்சியது குருத்தெலும்புப் பகுதி. முன்னது பெரிதும் குரலுக்கு, பின்னது பெரிதும் மூச்சுக்கு. இந்த எல்லைக்கோட்டை மறந்து குரல்வளை அறுவைகளிடையே செய்யப்படும் எந்த ஒப்பீடும் நிலைக்காது.

நாண்களை அசைக்கும் நரம்பு நேர்வழியில் வருவதில்லை. இடப்பக்கத்து நரம்பு மார்புக்குள் இறங்கி, மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. அது தைராய்டு சுரப்பியை ஒட்டியே செல்வதால், அச்சுரப்பியின் அறுவையில் சேதமடைய நேரிடுகிறது. இருபக்கமும் சேதமானால் நாண்கள் நடுக்கோட்டை ஒட்டி நின்றுவிடலாம். அப்போது குரல் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும்; மூச்சுதான் போதாது. நோயாளி தொலைபேசியில் தெளிவாகப் பேசுவார். பேசி முடித்து மாடிப்படி ஏறினால், மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சீழ்க்கை போன்ற ஓசை எழும்.

அவ்வோசைக்குரிய காற்றின் வேகத்தைக் கணக்கிடுவது கடினமன்று. இடைவெளியின் பரப்பு 25 சதுர மில்லிமீட்டர் என்றும், நொடிக்கு அரை லிட்டர் காற்று உள்ளே செல்கிறது என்றும் கொள்க. சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். பியூஃபோர்ட் அளவுகோலில் இது எட்டாம் நிலை. கடலோடிகளுக்குப் புயல் எச்சரிக்கை விடுக்கும் வேகம். பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் ஆனால் வேகம் பாதியாகி ஐந்தாம் நிலைக்கு இறங்கும். இயக்க அழுத்தமோ வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. சுமார் 240 பாஸ்கலிலிருந்து 60 பாஸ்கலாகக் குறையும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் மூச்சில் இவ்விரு நிலைகளையும் பிரிப்பது 25 சதுர மில்லிமீட்டர் மட்டுமே. எனவே மில்லிமீட்டரைச் சிறிய அளவாக எண்ணும் உரிமை இங்கு எவருக்கும் இல்லை.

அந்த 25 சதுர மில்லிமீட்டரை எங்கிருந்து எடுப்பது என்பதில் அறுவை மருத்துவர்கள் நூறாண்டுகளாக ஒன்றுபடவில்லை. 1922இல் செவாலியே ஜாக்சன் நாணையே வெட்டி நீக்கினார். மூச்சு வந்தது, குரல் போயிற்று. 1946இல் வுட்மன் கழுத்தின் வெளிப்புறத்திலிருந்து அரிட்டினாய்டை அணுகினார். 1948இல் தோர்னெல் வாய் வழியாக. 1989இல் டென்னிஸும் கஷிமாவும் நாணின் பின்பகுதியில் லேசரால் ஒரு குறுக்கு வெட்டு மட்டும் போட்டனர். ஹங்கேரியின் செகெட் நகரத்து மருத்துவர்கள் வெட்டுவதையே தவிர்த்து, அரிட்டினாய்டை வெளிப்புறமாகத் திருப்பித் தையலிட்டு நிறுத்தும் முறையை வளர்த்தெடுத்தனர். ஆக வெட்டுவன, அகற்றுவன, கட்டி இழுப்பன என முறைகள் மூவகைப்படும். கழுத்தில் துளையிடுவதை நான்காவதாக எண்ணலாகாது. அது இடைவெளியைத் திருத்துவதில்லை; அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

ஒருவருக்கு ஒரு குரல்வளைதான். அதில் ஒரு முறையைச் செய்து பார்த்துவிட்டு, பழையபடி ஆக்கி, அடுத்ததைச் செய்ய வழியில்லை. காற்றோட்டத்தின் கணினி மாதிரி தரும் அரிய வாய்ப்பு இதுவே: அதே நோயாளியின் சிடி படத்திலிருந்து அதே குரல்வளையைக் கணினியில் கட்டி, நுண்ணிய கண்ணறைகளாகப் பகுத்து, மூவகை அறுவைகளையும் அதன்மீது செய்து பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணறையிலும் பாய்ம ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு தோராயமாகத் தீர்க்கப்படுகிறது. முப்பரிமாணத்தில் அச்சமன்பாட்டுக்கு எப்போதும் சீரான தீர்வு உண்டா என்று நிறுவுபவருக்கு கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் அறிவித்தது. பரிசு இன்னும் வழங்கப்படவில்லை. ஆயினும் தொண்டையின் அழுத்தவீழ்ச்சி கணக்கிடப்பட்டு வருகிறது. அது முறையானதே.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது திறந்த பரப்பு மட்டுமன்று, அது திறந்த இடமும் வடிவமும் ஆகும். குறுக்கு வெட்டு ஒரு பக்கத்தில் பள்ளம் உண்டாக்குவதால், காற்று அப்பக்கம் சாய்ந்து சுவரில் மோதும். மறுபக்கத்தில் சுழல் எழும். அரிட்டினாய்டைத் திருப்பி நிறுத்தினால் நாண் முழுதும் சாய்வாக விலகுகிறது. திறப்பு படிப்படியாக அகல்கிறது. சம பரப்புள்ள இரு திறப்புகள் சமமான மூச்சைத் தரும் என்று கொள்வது, ஆகவே, ஒரு பிழை. குரலை இக்கணக்கு தொடுவதில்லை. நொடிக்கு நூறு முறைக்கு மேல் அதிரும் சவ்வைக் கணிக்க வேறொரு, இன்னும் கடினமான மாதிரி வேண்டும். மூச்சுக்குக் கிடைத்த பாஸ்கலை மட்டும் அச்சிட்டு, அதற்காக முன்பகுதியில் எத்தனை மில்லிமீட்டர் இழக்கப்பட்டது என்பதைச் சொல்லாத அட்டவணையை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலும் கணினியின் குரல்வளைச் சுவர் விறைப்பானதாகக் கொள்ளப்படுகிறது. உண்மையில் விரைந்து பாயும் காற்று அழுத்தத்தைக் குறைத்து, தளர்ந்த நாண்களை உள்ளிழுக்கும். மூச்சு எவ்வளவு பலமாக இழுக்கப்படுகிறதோ அவ்வளவு வழி குறுகும். படம் எடுத்த கணமும் இதே காரணத்தால் முக்கியம். மூச்சைப் பிடித்து வைத்திருந்தால் நாண்களுக்கு மேலுள்ள பொய்க் குரல்நாண்களும் நெருங்கக்கூடும். ஆகவே அப்போது நோயாளி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாரா, பிடித்திருந்தாரா என்பது ஒவ்வொரு ஆய்வறிக்கையிலும் அழுத்த எண்களுக்கு முன்பாகவே எழுதப்பட வேண்டும்.