இரும்புக்கு வந்த யோகம்

1980-களில் லண்டனில் ஒரு ஒலிக்கருவிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அன்று எங்கள் தொழிலில் இருந்த ஒரே கெட்ட வார்த்தை, டிரான்ஸ்ஃபார்மர். 1982-ல் சிடி வந்ததிலிருந்து எல்லோருக்கும் சுத்தமான ஒலி மேல் பைத்தியம். புது மிக்சிங் கன்சோல்களின் விளம்பரத்தில் ‘டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது’ என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பழைய கன்சோல் பட்டறைக்கு வந்தால் முதலாளியின் உத்தரவு ஒன்றே: வெட்டி எடு, ஐசி அட்டையை மாட்டு. வெட்டியவை செம்பு விலைக்கு எடைபோட்டுப் போகும்.

குற்றப்பத்திரிகை நீளமானது. கனம், விலை, தாழ்ந்த சுருதியைப் பலமாக அனுப்பினால் இரும்பில் காந்தம் நிரம்பி ஒலி கோணிக்கொள்ளும் என்ற புகார். எல்லாம் உண்மை. அவை அங்கே ஏன் குந்தியிருந்தன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். நீளமான கேபிளின் இரண்டு கம்பிகளிலும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒரே அளவில் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே விடும். இரைச்சல் வாசலோடு திரும்பிவிடும். போகிற போக்கில் வோல்டேஜையும் உயர்த்திக் கொடுக்கும், மின்சாரமே கேட்காமல்.

வெளியே அனுப்பும் பக்கம் வேறு கதை. கன்சோல் வடிவமைப்பாளர் ரூபர்ட் நீவ் 1970-ல் வடிவமைத்த 1073 என்ற மைக் பெருக்கியில் கடைசி நிலை கிளாஸ் ஏ, அதாவது மின்னோட்டம் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும் வகை. அதன் நேர்மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் வழியாகவே ஓடும். அதனால் இரும்பில் காந்தம் நிரம்பிவிடக் கூடாதென்று, எல்ஓ1166 என்ற அந்த டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தில் வேண்டுமென்றே மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். அதையும்தான் எடைக்குப் போட்டோம்.

இன்று அதே எல்ஓ1166-ஐ வலைபோட்டுத் தேடுகிறார்கள். அதைச் செய்த மரினேர் நிறுவனத்தின் பெயர் அதன்மேல் இருந்தால் பேரம் பேசவே முடியாது. கிடைக்காதவர்களுக்கு அதன் கோணலை நடித்துக் காட்டும் மென்பொருள் விற்கிறது. காசு கொடுத்துக் கழுவிய அழுக்கை இப்போது காசு கொடுத்துப் பூசிக்கொள்கிறோம். 2013-ல் ராக் இசைக்கலைஞர் டேவ் க்ரோல் ‘சவுண்ட் சிட்டி’ என்று ஆவணப்படம் எடுத்தார். அதில் பாதிக் கதாநாயகன் ஒரு நீவ் 8028 கன்சோல்.

பெயரை வாங்கினால் ஒலியும் கூடவே வருமா? பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக், ஏர் ஸ்டூடியோவின் நீவ் கன்சோலில் சில சானல்கள் மட்டும் சரியில்லை என்றார். நீவ் போய் அளந்து பார்த்தார். அந்த சானல்களின் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு உரிய சுமை இணைக்கப்படாமல் விடுபட்டிருந்தது. 54 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் மேடு. மனிதக் காது 20-க்கு மேல் போகாது என்பது பாடப்புத்தகம். எமெரிக்கின் காது பாடப்புத்தகம் படிக்கவில்லை. கற்க வேண்டியது இதுதான்: இரும்பு ஒன்றேதான்; அதைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறது என்பதில்தான் ஒலி மாறுகிறது.

ஆகவே பெயரை நம்பாதே, அளந்து பார் என்பது என் கட்சி. ஓம் மீட்டரால் எந்தக் கம்பி எதற்கு ஜோடி என்று பிரிக்கலாம். மைக் டிரான்ஸ்ஃபார்மரில் அதைக்கூடக் கைகூசித்தான் செய்ய வேண்டும். மீட்டரின் சிறு மின்னோட்டமே உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடும். பிறகு ஒரு சுருளில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து மற்றதில் வோல்டேஜ் பார்த்தால் சுற்று விகிதம் தெரியும். அதன் வர்க்கம்தான் இம்பீடன்ஸ் விகிதம். 1:10 என்றால் 150 ஓம் மைக், மறுபக்கம் 15,000 ஓமாகத் தெரியும். 1073-ல் 300, 1200 ஓம் என்று மாற்ற ஒரு சுவிட்ச் உண்டு. அது செய்வதெல்லாம் இரண்டு முதன்மைச் சுருள்களைப் பக்கமாகவோ தொடராகவோ இணைப்பதுதான். சுற்று இரட்டித்தால் ஓம் நான்கு மடங்கு.

சென்ற ஆண்டு, ஹாரோவில் வீட்டு ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். இணையத்தில் யாரிடமோ வாங்கியது. மேலே மரினேர் என்று ஒட்டியிருந்தது. ஒட்டுத்தாளுக்கு வயது இரும்பின் வயதில் பாதி இருந்தாலே அதிகம். அளந்தேன். 600 ஓம், 1:1. கொஞ்சம் நேர்மின்னோட்டம் விட்டதும் தாழ்ந்த சுருதி சுருண்டுவிட்டது. இடைவெளியே இல்லை. தொலைபேசி வழித்தடத்தில் நேர்மையாக உழைத்து ஓய்வு பெற்ற டிரான்ஸ்ஃபார்மர்.

சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நல்லாத்தானே கேக்குது அங்கிள். பில்லில மட்டும் இதை எழுதிப்போடாதேங்கோ. போன கிழமைதான் ‘அசல் மரினேர் ஒலி’ எண்டு விளம்பரம் குடுத்தனான்.”