தோல்விக்குக் காரணம் என்ற கட்டம்: குயிலாப்பாளையம் நோட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

கால்பந்தில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஆடுகிறவர்கள் வைக்கும் கணக்கு ஒன்று. ஆட்டம் முடிந்த அரைமணி நேரத்தில் அது மறந்துபோகும். ஆடாதவர்கள் வைக்கும் கணக்கு மற்றொன்று. நூறு வருஷம் தாண்டியும் அது நிற்கும். இவ்வாய்வேடு பின்னதைப் பற்றியது. 1880கள் தொட்டு இங்கிலாந்து கிளப்புகள் எழுதிவைத்திருக்கும் சாதனைப் பட்டியல்கள், 2014இல் பிறந்த சென்னையின் எஃப்சியின் கணக்கு, குயிலாப்பாளையத்தில் ஒரு டீக்கடையின் பிஸ்கட் ஜாடிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஒரு நோட்டு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராய முற்படுகிறோம். முன்னோர் எவரும் இப்பணியில் இறங்கவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது என்பர் ஒருசாரார்.

ஆய்வுக்களம் பற்றி இரண்டு வார்த்தை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரியமுதலியார்சாவடியில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி மேட்டில் ஏறினால் செம்மண்ணும் முந்திரியும் தொடங்கும். அதுதான் குயிலாப்பாளையம், விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். 1968இல் ஆரோவில் வந்தபிறகு உலகத்துப் பாஸ்போர்ட்டையெல்லாம் பார்த்துவிட்ட ஊர். எந்த நாட்டுக்காரர் பந்தோடு வந்து நின்றாலும் “ஆள் கொறையுது, வாங்க” என்று சேர்த்துக்கொள்வார்களே தவிர, யார் என்று கேட்பதில்லை. இதே கரையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். அவற்றுக்கும் இவ்வாய்வில் இடம் உண்டு, பின்னர் வருவோம்.

முதன்மைச் சான்று அந்த நோட்டு. லாங் சைஸ், கோடு போட்டது, அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டங்கள். முதல் பத்துப் பக்கம் பால் கணக்கு. அதற்கப்புறம் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டிருக்கிறது: தேதி, எதிர் டீம், கோல், போட்டது யார், காரணம். முதல் நான்கும் உலகப் பொது. ஐந்தாவது கட்டம்தான் இவ்வாய்வின் உயிர். அதன் இயல்பு யாதெனின், வென்ற ஆட்டங்களுக்கு அது காலியாக இருக்கும். தோற்ற ஆட்டங்களுக்குத் தவறாமல் நிரம்பியிருக்கும். “கோலிக்குக் காய்ச்சல்.” “ரெஃப்ரி அவங்க மாமா.” “பந்துல காத்து இல்ல.” “மழை.” “மழை இல்ல, தூசி.” ஓரிடத்தில் மட்டும் “நல்லா ஆடுனாங்க” என்று இருக்கிறது. அதை வேறொரு மையால் அடித்துவிட்டு, மேலே “கரண்ட் கட்” என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஆட்டம் காலை எட்டு மணிக்கு நடந்தது.

இவ்வமைப்பு தற்செயலானதா, கொள்கையா என்று நோட்டை வைத்திருப்பவரிடமே கேட்டோம்.

“ஜெயிச்சதுக்கு ஏன் தம்பி காரணம் எழுதுறதில்ல?”

“ஜெயிச்சதுக்கு இன்னாத்துக்குணா காரணம்? தோத்தாதான் ஊர்ல கேப்பாங்க.”

இதனினும் தெளிவாக ஒரு கோட்பாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துத் தந்ததில்லை. இதைக் குயிலைக் கருதுகோள் என்று அழைப்போம்.

இனி இங்கிலாந்து. அங்கே 1888இல் 12 கிளப்புகளோடு லீக் தொடங்கியது. முதல் சீசனில் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டம் ஆடி, 18 வென்று, 4 சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனது. அன்றிலிருந்து அந்த நாட்டில் எண்ணாத பொருளே இல்லை. எவர்ட்டனின் டிக்ஸி டீன் 1927-28 சீசனில் லீக்கில் மட்டும் 60 கோல். சுவிண்டனின் ஜான் டிராலப் ஒரே கிளப்புக்கு 770 லீக் ஆட்டம். 1935 டிசம்பர் 26 அன்று டிரான்மியர் அணி ஓல்டமை 13-4 என்று வென்றபோது, பன்னி பெல் என்பவர் ஒருவரே 9 கோல் போட்டார். போட்டதோடு விட்டார்களா? அதே ஆட்டத்தில் அவர் ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்டார் என்பதையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்பது கோல் போட்டவனைப் பத்தாவது எங்கே என்று கேட்கும் சொந்தக்காரர்கள் நம்மூரில் மட்டும்தான் இருப்பதாக எண்ணியிருந்தோம்.

எண்ணுகிறவர்களின் கண்டிப்புக்கு எதிர்ச்சான்றும் உண்டு. 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்லாந்தில் அர்ப்ரோத் அணி பான் அகார்டு அணியை 36-0 என்று வென்றது. அதே நாளில் டண்டீ ஹார்ப் அணி இன்னொரு அணியை 35-0 என்று வென்றது. இந்த இரண்டாவது ஆட்டத்தில் ரெஃப்ரியின் கணக்கு 37 என்றும், வென்ற அணிக்காரர் ஒருவரே “இல்லை ஐயா, 35தான்” என்று குறைத்துச் சொல்ல ரெஃப்ரி ஒப்புக்கொண்டார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி. அது மெய்யானால், நேர்மையால் உலக சாதனையை இழந்த ஒரே அணி அதுவே. குயிலாப்பாளையம் நோட்டில் இவ்வகைத் திருத்தம் எங்கும் காணப்படவில்லை.

ஆயினும் இத்தனை எண்ணியும் அங்கே ஐந்தாவது கட்டம் இல்லை. அதன் விளைவைப் பாருங்கள். 1908 டிசம்பர் 5 அன்று நியூகாசில் தன் சொந்த மைதானத்தில் சண்டர்லேண்டிடம் 1-9 என்று தோற்றது. இடைவேளையில் 1-1. அந்த சீசனின் லீக் சாம்பியன் யார்? நியூகாசில். ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் மட்டும் எட்டு கோல் எப்படி விழுந்தன? எண் சொல்லாது. நம் நோட்டாயிருந்தால் “ஹாஃப் டைம்ல லெமன் சோடா குடிச்சது” என்றாவது ஒரு வரி கிடைத்திருக்கும்.

அதைவிடக் கொடுமை மான்செஸ்டர் சிட்டியின் கதை. 1936-37இல் சாம்பியன். அடுத்த சீசனில் அந்த டிவிஷனிலேயே அதிக கோல் போட்ட அணியும் அதுதான், 80 கோல். அதே சீசன் முடிவில் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட அணியும் அதுதான். நடப்புச் சாம்பியனாக இருந்து கீழே இறங்கிய வேறு அணி இங்கிலாந்தில் இன்றுவரை கிடையாது. 80 போட்டும் இறங்கினால் காரணம் என்ன என்று வினாவின், வாங்கியது 77 என்பர் கணக்கர். அஃது ஒக்கும்; ஆயின் 77 ஏன் வாங்கினார்கள் எனின், வாய் திறவார்.

இங்குதான் நம் கிளப் மேடையேறுகிறது. சென்னையின் எஃப்சி 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வென்று இரண்டாம் முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை எடுத்தது. அடுத்த சீசனில் 18 ஆட்டம், 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி, 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த சீசனில் மறுபடியும் இறுதி ஆட்டம். சாம்பியன், கடைசி, இறுதி என்ற இவ்வரிசையை மூன்றாண்டுக்குள் முடித்தது சாமானியம் அல்ல. மான்செஸ்டர் சிட்டிக்கும் நமக்கும் வேறுபாடு, ஐஎஸ்எல்லில் கீழே இறக்கும் வழக்கம் அப்போது இல்லை என்பது மட்டுமே. நம் பெருமைக்கு இன்னொரு சான்று: நாம் கடைசியாக வந்த அதே 2018-19இல் ஐ-லீகின் சாம்பியன் சென்னை சிட்டி எஃப்சி. 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி அந்த அணிக்காரர். ஒரே பருவத்தில், ஒரே ஊர்ப் பெயரில், ஒரு லீகில் தலை, இன்னொரு லீகில் வால். சராசரி எடுத்தால் நாம் நடுவில் மரியாதையாக இருந்திருக்கிறோம்.

ஆனால் அந்தச் சென்னை சிட்டி சொந்த ஆட்டங்களை எங்கே ஆடியது? கோயம்புத்தூரில். இதிலிருந்து எழுவதே இவ்வாய்வின் மிகக் கடினமான சிக்கல்: சொந்த மைதானம் என்பது யாது?

இங்கிலாந்துப் பட்டியல்களில் இதற்கு ஐயமே இல்லை. சொந்த மைதான வெற்றி ஒரு வரிசை, வெளியூர் வெற்றி ஒரு வரிசை. அவற்றுக்கு நடுவே ஒரு தடித்த கோடு. நம் கணக்கில் அந்தக் கோடு நிற்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையே தண்ணீரில் நின்றபோது சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் அரையிறுதிக்கு வந்துவிட்டது. நேரு ஸ்டேடியத்தில் ஆட முடியாது. ஆகவே கொல்கத்தாவுக்கு எதிரான ‘சொந்த மைதான’ ஆட்டத்தைப் புனேயில் ஆடினார்கள். 3-0 என்று வென்றார்கள். வெள்ளத்தில் போர்வையும் பால்பவுடரும் தேடிக்கொண்டிருந்த ஊருக்கு, சொந்த மண்ணில் வென்றீர்கள் என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து செய்தி வந்தது. அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவில் 1-2 தோல்வி, மொத்தத்தில் 4-2, இறுதிக்குத் தகுதி. டிசம்பர் 20 அன்று இறுதி ஆட்டம் கோவாவின் ஃபடோர்டாவில், எஃப்சி கோவாவுக்கு எதிராகவே. 87ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. 90ஆவது நிமிஷத்தில் கோவா கோலி கையாலேயே ஒரு சேம்சைடு கோல். இஞ்சுரி டைமில் மெண்டோசா போட்ட கோலில் 3-2. கோப்பை நமக்கு.

கவனிக்க: இரண்டு கோப்பையும் 3-2. இரண்டும் எதிராளியின் வீட்டுக்குள் போய் எடுத்தவை. 2020-21 சீசனிலோ கொரோனாவால் எல்லா அணியும் எல்லா ஆட்டத்தையும் கோவாவில்தான் ஆடின. அங்கேயும் பாதி ஆட்டங்களுக்குச் சொந்த மைதானம் என்று பெயர். ஆகவே சென்னையின் எஃப்சியின் சொந்த மைதான சாதனையை எழுதப் புகுவோர் புனே, கோவா இரண்டின் வரைபடத்தையும் உடன் வைத்திருத்தல் நலம்.

இச்சிக்கலைக் குயிலாப்பாளையம் எப்படித் தீர்த்தது? பையன்கள் ஆடும் இடம் திறந்த வெளி. சில நாள் அங்கே யாராவது முந்திரிக்கொட்டை காயப்போட்டிருப்பார்கள். சில நாள் கல்யாணத்துக்குப் பந்தல் கால் நட்டிருப்பார்கள். சில நாள் மாடு கட்டியிருக்கும். அப்போது ஆட்டம் பக்கத்துத் தோப்புக்கு மாறும், இல்லையேல் கடற்கரைக்கு இறங்கும். நோட்டு இதைப் பொருட்படுத்துவதே இல்லை. வென்றால் அது நம்ம கிரவுண்டு. தோற்றால் ஐந்தாவது கட்டத்தில் “வேற கிரவுண்டு” என்று எழுதப்படும். மைதானத்தின் உரிமை ஆட்ட முடிவால் நிர்ணயிக்கப்படும் இம்முறை பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றுக்கும் அப்பாற்பட்டது என்பதை வருவாய்த்துறையினர் குறித்துக்கொள்க.

பார்வையாளர் எண்ணிக்கையை விரைந்து முடிப்போம். மான்செஸ்டர் சிட்டி 1934 மார்ச் 3 அன்று ஸ்டோக்குக்கு எதிராக 84,569 பேரைக் கூட்டியது. கிளப் மைதானங்களில் அதுவே இங்கிலாந்தின் உச்சம். மறுபுறம் 1921 மே 7 அன்று ஸ்டாக்போர்ட்டும் லெஸ்டரும் ஓல்ட் டிராஃபோர்டில் ஆடியபோது டிக்கெட் வாங்கியவர் 13 பேர். முந்தைய ஆட்டம் பார்க்க வந்து எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நிறைய என்பதால் 13 என்பது உண்மை எண் அல்ல என்பர். காசு கொடுத்தவரே பார்வையாளர் என்று கொண்டால் குயிலாப்பாளையத்தின் எண்ணிக்கை என்றும் பூஜ்யம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2020 மார்ச் 14 அன்று ஃபடோர்டாவில் நடந்த ஐஎஸ்எல் இறுதி ஆட்டமும் கொரோனா அச்சத்தால் காலி ஸ்டேடியத்தில்தான் நடந்தது. அதில் 1-3 என்று கொல்கத்தாவிடம் தோற்றவர் நாமே. ஐந்தாவது கட்டம்: “ஆள் இல்ல.”

உப்பு பற்றிச் சொல்வதாக வாக்களித்தோம். மரக்காணத்தில் தை, மாசியில் பாத்தி சீர்செய்து, கோடை முழுக்க உப்பு வாருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் முழுகிவிடும், வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்றே உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. ஐஎஸ்எல்லின் முதல் மூன்று சீசன்கள் சரியாக இந்த வேலையற்ற அக்டோபர்-டிசம்பரில் நடந்தவை. பிறகு சீசன் நீண்டு மார்ச் வரை, அதாவது உப்பு வாரும் காலம் வரை, வந்தது. மழைக்கால சீசனில் நமக்கு ஒரு கோப்பை, உப்புக்கால சீசனில் ஒரு கோப்பை. ஆகவே உப்பு விளைச்சலுக்கும் சென்னையின் எஃப்சியின் வெற்றிக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பது ஐயந்திரிபற நிறுவப்படுகிறது. இதனால் மரக்காணத்தில் எவரும் மனமுடைந்ததாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது ஓர் ஆட்சேபம். தோல்விக்குக் காரணம் எழுதுவது சாக்குச் சொல்வதாகாதா என்று கேட்பார் உளர். ஆகும். ஆனால் 2007-08இல் டெர்பி கவுண்டி 38 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்று 11 புள்ளியோடு முடித்தது; பிரீமியர் லீகின் மிகக் குறைந்த புள்ளி என்று அந்த எண் இன்றும் அதன் தலைமேல் நிற்கிறது. டெர்பி ரசிகனிடம் எண்ணைத் தவிர வேறு எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. நம் நோட்டில் அவனுக்கு 29 வரி கிடைத்திருக்கும், தோல்விக்கு ஒன்று வீதம். சமன் செய்த எட்டுக்கு அரை வரி கேட்டு வாங்கியிருக்கலாம். சென்னையின் எஃப்சிக்கு அந்த 2018-19 சீசனுக்காக 13 வரி பாக்கி இருக்கிறது. அதை எழுதித் தர டீக்கடையில் ஆள் தயார்.

இறுதியாக, வாசகர்க்கு ஒரு விண்ணப்பம். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம், மரக்காணம் என்று இக்கரையில் எந்த ஊரிலாவது இத்தகைய நோட்டு இருப்பின் எங்களுக்கு அனுப்பிவைக்கவும். ஐந்தாவது கட்டத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படியே இருக்கட்டும், புதிதாகப் படி எடுக்க வேண்டாம். பால் கணக்குப் பக்கங்களைக் கிழித்துக்கொள்ளலாம். தபால் செலவை ஆய்வாளர் ஏற்கமாட்டார்.