பல்லவி முடியுமுன் தீர்ப்பு

வெள்ளிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு புது ஆல்பம் வெளியாகிறது. பன்னிரண்டே காலுக்குள் அது காவியமா குப்பையா என்று உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஆல்பத்தின் நீளம் 50 நிமிடம். இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்பவர்கள் நம்பிக்கையற்றவர்கள். இண்டி, ஆல்டர்நேட்டிவ் இசையுலகில் நான் கையெடுத்துக் கும்பிடும் ஒரே கூட்டம் இந்த முதல் கேட்பு விமர்சகர்கள்தான். பாடியவர்களுக்கு இல்லாத தெளிவு இவர்களுக்கு உண்டு. என்ன பாடுகிறோம் என்று அவர்கள் வருஷக்கணக்கில் தடுமாறுகிறார்கள்; இவர்களுக்கு முதல் பாட்டின் முன்னிசையே போதும்.

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையில் வருகின்றன. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று ஆளுக்கொரு நாள். நாட்டுக்கு நாடு நாள் மாறினால் திருட்டுப் பிரதிக்கு வசதியாகிவிடுகிறது என்று இசை நிறுவனங்கள் காரணம் சொல்லின. விமர்சகர்களின் ஓய்வை முன்னிட்டே இந்த ஏற்பாடு என்பது என் துணிபு. வெள்ளி காலையில் தீர்ப்பு, சனி ஞாயிறு விடுமுறை, திங்கட்கிழமை அந்த ஆல்பத்தின் பெயர்கூட நினைவில் இல்லை. பற்றற்ற மனம் வேறு எப்படி இருக்கும்?

மை பிளடி வாலன்டைன் குழு 1991-ல் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தைப் போட்டது. அடுத்தது, ‘எம் பி வி’, 2013 பிப்ரவரி 2 இரவு அவர்களுடைய தளத்திலேயே வெளியானது. கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் கிதாரின் ட்ரெமலோ கம்பியைக் கையோடு பிடித்துக்கொண்டே தந்தியை மீட்டுபவர். வாசிக்க வாசிக்கச் சுருதி வளைந்து நெளிந்து கரையும். குரல் எது, கிதார் எது என்று பிரித்தறியவே எங்களைப் போன்ற மந்தபுத்திக்காரர்களுக்குப் பத்துத் தடவை கேட்க வேண்டும். செய்தவருக்கு 21 வருஷம் பிடித்த வேலை. ‘லவ்லெஸ்’ஸுக்கு இது மேலா கீழா என்ற பட்டிமன்றமோ தளம் எழுந்து உட்கார்ந்த அன்றிரவே தொடங்கிவிட்டது. ஷீல்ட்ஸ் வெட்கப்பட வேண்டும். இந்த வேகம் அவருக்கும் இருந்திருந்தால் இடையில் நாலு டஜன் ஆல்பம் போட்டிருக்கலாம்.

புதிய பாட்டை விளக்கும் இவர்களது முறையும் தனி அழகு. மூன்று பழைய குழுக்களின் பெயர் சொன்னால் போதும். கொஞ்சம் ஜாய் டிவிஷன், கொஞ்சம் டாக்கிங் ஹெட்ஸ், ஆங்காங்கே வெல்வெட் அண்டர்கிரவுண்ட். புதிதாகப் பாடியவர் என்ன பாடினார் என்ற அற்ப விஷயத்தில் வாசகரின் நேரம் வீணாவதில்லை.

இருந்தாலும், தீர்ப்பை எண்ணால் சொல்லும் கலையைச் சிகரத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்காவின் இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க்தான். பத்துக்கு எத்தனை என்று தசமப் புள்ளியோடு சொல்வார்கள். 8.1-க்கும் 8.2-க்கும் நடுவே இருக்கும் இசையை நகைக்கடைத் தராசும் நிறுக்காது, இவர்கள் நிறுப்பார்கள். டிராவிஸ் மாரிசன் தன் குழுவான டிஸ்மெம்பர்மெண்ட் பிளானோடு 1999-ல் செய்த ஆல்பத்துக்கு 9.6. அதே மனிதர் 2004-ல் தனியாகச் செய்த ‘டிராவிஸ்டான்’ ஆல்பத்துக்கு 0.0. மைக்கைச் சரியான பக்கம் பிடித்துப் பாடியதற்காவது 0.1 தரலாமே என்று கேட்கத் தோன்றும். கருணைக்கு இடம் கொடுத்தால் தராசு கெட்டுவிடாதா?

2006-ல் ஜெட் குழுவின் ‘ஷைன் ஆன்’ வந்தபோது எழுத்து என்ற பழைய பழக்கத்தையே விட்டொழித்தார்கள். விமர்சனத்துக்குப் பதிலாக ஒரு காணொளி: மனிதக்குரங்கு ஒன்று தன் மூத்திரத்தைத் தானே குடிக்கிறது. மதிப்பெண் 0.0. ஒரு வார்த்தை செலவில்லை. குரங்கு யார் என்பதை வாசகரின் முடிவுக்கு விட்டதுதான் பெருந்தன்மை.

ஃபுளோரிடாவின் பிளாக் கிட்ஸ் குழுவுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தப் புகழுரை முழுமையாகாது. 2007-ல் நாலே பாட்டுள்ள ஒரு இ.பி.யை இலவசமாக வெளியிட்டார்கள். பிட்ச்ஃபோர்க் 8.4 கொடுத்தது. ஐந்து பேரும் ஊரெங்கும் பேச்சானார்கள். மறுவருஷம் அந்த நாலு பாட்டையும் சேர்த்து ‘பார்ட்டி ட்ராமாட்டிக்’ என்று முழு ஆல்பம் போட்டார்கள். இம்முறை 3.3. விமர்சனம் என்ற இடத்தில் இரண்டு பக் நாய்களின் படமும், மன்னிக்கச் சொல்லும் ஒரு வார்த்தையும். முதல் தடவை அமுதமாக இருந்த பாட்டு மறுதடவை புளித்துவிட்டது. எதையும் இரண்டாம் தடவை கேட்பது எத்தனை ஆபத்து என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

ஆனாலும் சிலருக்குப் பொறுமை இருந்து தொலைக்கிறது. வீசர் குழுவின் ‘பிங்கர்டன்’ 1996-ல் வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மிக மோசமான ஆல்பங்களில் சேர்த்தார்கள். அடுத்த ஆல்பம் போடக் குழுவுக்கு 2001 வரை ஆயிற்று. 2004-ல் அதே பத்திரிகை ‘பிங்கர்டன்’னுக்கு ஐந்து நட்சத்திரம் சூட்டியது. இதையும் குறையாகப் பேசுகிறார்கள். எட்டு வருஷம் கழித்தாவது ஆல்பத்தைக் கேட்டார்களே, அந்தக் கடமையுணர்ச்சியைப் பாராட்ட ஆளில்லை.

பிட்ச்ஃபோர்க்கும் சளைத்ததில்லை. 2021-ல் 19 ஆல்பங்களின் மதிப்பெண்ணைத் திருத்தி வெளியிட்டது. 2003-ல் 0.0 வாங்கிய பாடகி லிஸ் ஃபேரின் ஆல்பம் 6.0-க்கு ஏறியது. இண்டர்பால் குழுவின் முதல் ஆல்பம் 9.5-லிருந்து 7.0-க்கு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாட்டுகளில் ஒரு சுரம்கூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; அவ்வளவு நுட்பமான மாற்றத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். லிஸ் ஃபேர் இனி அந்த ஆறு மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு போய் 2003-ஆம் வருஷக் கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்றுக்கொள்ளலாம்.

30 விநாடி ஓடினால்தான் ஸ்பாட்டிஃபை ஒரு பாட்டைக் கேட்டதாகக் கணக்கெழுதும். கடைக்காரன் கெடுபிடி அது. ஞானிகளை அது கட்டுப்படுத்தாது. ஆகவே புதிதாகக் கிளம்பும் குழுக்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் இதுதான். ஸ்டுடியோ வாடகை எதற்கு, மிக்ஸிங் மாஸ்டரிங் செலவு எதற்கு? அட்டைப்படம், பாட்டுத் தலைப்புகள், எந்தப் பழைய குழுவின் சாயல் என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமை இவற்றை மட்டும் வெளியிடுங்கள். மதிப்பெண் தசமப் புள்ளியோடு நேரத்துக்கு வந்து சேரும். பாட்டைச் சாவகாசமாக அப்புறம் போட்டுக்கொள்ளலாம். அதைக் கேட்க எங்களைப் போல வேலைவெட்டி இல்லாதவர்கள் இருக்கவே இருக்கிறோம்.