பரிசத் தட்டுல ஒரு கல்லு

வாடா பேராண்டி, உட்காரு. தே ஓ கலக்கியாச்சு. கட்டிக்கப்போற பொண்ணுக்கு வானத்துல ஒரு கல்லையே எழுதி வச்சிட்டியாமே! தங்கக் கரை போட்ட சான்றிதழ், நடுவுல அவ பேரு, ஓரத்துல சிவப்பு முத்திரை. எத்தனை வெள்ளி போச்சு? வேணாம், சொல்லாத. பாட்டி காதுல விழுந்தா ராத்திரிக்குச் சோறு கிடையாது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல குறுங்கோள்னு சொல்ற கல்லு லட்சக்கணக்குல சுத்துது. அதுக்குப் பேரு வைக்கிறது கடைக்காரன் இல்லடா, அனைத்துலக வானியல் ஒன்றியம். காசு வாங்க மாட்டாங்க. நம்ம தோட்டத்துக் கிராணியோட பேரேடு மாதிரிதான்: புதுசா வந்ததுக்கு முதல்ல தற்காலிகக் குறி, ஓடுற பாதை சரியாத் தெரிஞ்ச பிறகு நம்பர், அப்புறம்தான் பேரு. பேரைச் சொல்ற உரிமை கண்டுபிடிச்சவனுக்கு. அதுவும் ரோமன் எழுத்துல 16க்குள்ள அடங்கணும். அரசியல்வாதின்னா செத்து 100 வருஷம் ஆகணுமாம். அந்த ஒரு சட்டம் நம்ம ஊர் ரோட்டுப் பலகைக்கும் வந்தா தேவலை.

பேரு வச்சவங்க எப்படி வச்சாங்கன்னு கேளு. மெட்ராஸ் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துல நார்மன் போக்சன்னு ஒரு துரை. 1861 ஏப்ரல் 17ல ஒரு கல்லைப் பிடிச்சாரு. ஆசியாக் கண்டத்துல இருந்து கண்டுபிடிச்ச முதல் குறுங்கோள். அதனால ‘ஆசியா’ன்னே பேரு, நம்பர் 67. செவ்வாய்ப் பக்கமா உள்வரிசையில ஓடுது. சூரியனை ஒரு சுத்து வர மூணே முக்கால் வருஷம். கல்லுன்னதும் துணி துவைக்கிற கல்லுன்னு நினைக்காத. குறுக்களவே 50 கிலோமீட்டருக்கு மேல.

1988 பிப்ரவரியில ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துல ராஜமோகன்னு ஒருத்தரு ஒண்ணு கண்டுபிடிச்சாரு. அது நம்பர் 4130, கணித மேதை ராமானுஜன் பேரு. இப்படி ஒண்ணைக் கண்டுபிடிக்க, வானத்துல ஒரே இடத்தை நேரம் விட்டு நேரம் படம் எடுத்து, நட்சத்திரமெல்லாம் அப்படியே நிக்க, எந்தப் புள்ளி நகர்ந்திருக்குன்னு கண்ணு பூத்துப்போகத் தேடணும். நீ மூக்குக்கண்ணாடியையே நெத்தியில வச்சிட்டு வீடெல்லாம் தேடுறவன்!

நம்ம மலைப் பள்ளத்தாக்கு இந்த லெம்பா பெர்த்தாம்ல நின்னு அண்ணாந்து பார்த்தா என்னடா தெரியும்? மழை விட்டா பனி. பனி விலகினா, பூத்தோட்டக்காரன் பிளாஸ்டிக் கொட்டாயில ராத்திரியெல்லாம் எரியவிடுற விளக்கு.

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தக் காகிதத்தைப் பரிசத் தட்டுல வச்சிடாத. பொண்ணோட தாய்மாமன் பள்ளிக்கூட வாத்தியாரு. “கல்லோட நம்பர் என்ன மாப்பிள்ளை?”ன்னு சபையில கேட்டுப்புடுவாரு.